தேய்ந்த கட்டைவிரல்

வங்கி மேசையில் இருக்கும் கைரேகை பதியும் பெட்டி மறுபடியும் சிவப்பு காட்டுகிறது. சிமெண்டு மூட்டை தூக்கித் தூக்கி அப்பாவின் கட்டைவிரல் வழவழவென்று தேய்ந்துகிடக்கிறது. "கணிதம் படிக்கவா இவ்வளவு கடன்? படிச்சு முடிச்சா என்ன பெரிசா சம்பளம் வந்துடும்?" என்கிறார் அதிகாரி. அந்தக் கணக்கைப் பக்கத்தில் நிற்கும் மகள் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டாள். தலைக்குமேல் மின்விசிறி கடகடக்கிறது. "இதான் கடைசித் தடவை. விரலை நல்லாத் தொடச்சுட்டு வைங்க" என்கிறார் அதிகாரி. அவள் அப்பாவின் காதருகே குனிகிறாள். "வேணாம்ப்பா. என் சம்பளம் வட்டிக்கே சரியாப் போயிடும். அறுபது வயசு வரைக்கும் நீங்க மூட்டை தூக்கணும்." "கணக்கைச் சரியாப் போட்டியா?" "ரெண்டு தடவை போட்டேன்." "அப்ப உனக்கு இந்தப் படிப்புதான்மா" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு, விரலை அவள் துப்பட்டாவை நோக்கி நீட்டுகிறார். அவள் துடைக்கிறாள். துடைத்த பிறகும் விரலை விடாமல் பிடித்திருக்கிறாள்.