இரவு ஒன்பது மணி வெயில்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாக ஒட்டிக் குடியிருக்கும் லயக் காம்பராக்களுக்கு ஜன்னல் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் துரை பங்களாவைப் பழுதுபார்த்தபோது, ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலில் வந்த பழைய ஜன்னல் ஒன்றைத் தச்சர் ஆண்டியப்பன் கேட்டு வாங்கித் தன் காம்பரா சுவரில் பொருத்தினார்.

அது ஆனி மாதம். ஏழு மணிக்கெல்லாம் ஊர் இருட்டிவிட்டது. ஜன்னலில் மட்டும் வெயில் அடித்தது. ஒன்பது மணிக்கும் அடித்தது. ஆண்டியப்பன் சுவரைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். அங்கே கும்மிருட்டு. ஸ்கொட்லாந்தில் ஆனி மாதம் இரவு பத்து மணிவரை வெயில் அடிக்கும், மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்று துரை எப்போதோ சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

"கழட்டிரவா புள்ள?"

"என் தங்கச்சி கல்யாணம் முடியட்டுங்க," என்றாள் அவர் மனைவி காளியாயி. மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது, கல்யாண ரவிக்கைகள் பாதியில் கிடந்தன. லயத்துப் பெண்களெல்லாம் அந்த வெயிலில் வந்து உட்கார்ந்து பாடிக்கொண்டே தைத்தார்கள். கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. அப்புறம் ஜன்னலைக் கழற்றுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் இருவரும் வேலை முடிந்து ஐந்து மணிக்குத் திரும்பியபோது, வெளியே வெயில் இருக்க, ஜன்னலில் மட்டும் இருட்டியிருந்தது.

"ஆனியில வெளிச்சத்தக் கூடுதலாக் குடுத்துச்சுல்ல, இப்பத் திருப்பி எடுத்துக்குது," என்று காளியாயி சிரித்தாள்.

வாசற்படியில் முதுகுக்கு வெயில் காய்ந்தபடி உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருவரும் ஜன்னலில் நட்சத்திரங்களைப் பார்த்தார்கள்.