டைகருக்கு யாரைத் தெரியும்?

"நாயைப் பிடி, சுபா! என்னையே கடிக்க வருது!"

வாடகை வானின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்த கிரிசாந்த், அந்தக் காலை மறுபடியும் உள்ளே இழுத்துக்கொண்டான். மூன்று வருடம் கட்டாரில் உழைத்துவிட்டு, உடப்பில் சொந்த வீட்டு வாசலில் வந்து இறங்குகிறவனுக்கு இப்படியொரு வரவேற்பு!

சுபாஜினி இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்துப் பிடித்தாள். டைகர் அடங்கவில்லை. பல்லைக் காட்டி உறுமியது.

விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்து, புருஷன் வரும் வழியைப் பார்த்திருந்தவள் அவள். டைகர் யாரைப் பார்த்து உறுமினாலும் பரவாயில்லை. இவரைப் பார்த்து உறுமக்கூடாதே! அது எப்படி?

"வீட்டுக்காரனைத் தெரியாத நாயும் ஒரு நாயா?" என்று வாசலில் நின்ற மாமியார் ஞானேஸ்வரி நொடித்தாள். "தெருவில திரியிற நாய்க்கு ஒரு துண்டு பாண் போட்டிருந்தா அது வாலாட்டியிருக்கும்."

"அவர் போய் ஆறு மாசத்துக்குப் பிறகுதானே மாமி இதை வாங்கினது. முன்னப்பின்ன கண்டதில்ல, அதுதான்."

சொன்னாளே தவிர, அந்தச் சமாதானம் அவளுக்கே ஒப்பவில்லை. சிலாபத்தில் நாய்க்குட்டி விற்கும் எமிலியா அன்றைக்கு எவ்வளவு விளக்கமாகச் சொன்னாள்! "லேப்ரடோர் பிள்ளைகளோட நல்லா ஒட்டும், ஆனா கள்ளனுக்கும் வாலாட்டும். ரொட்வைலரை அடக்க ஆம்பிளை வேணும். உங்கட வீட்டுக்கு அல்சேஷன்தான் சரி. வீட்டு ஆக்களுக்காக உயிரையும் குடுக்கும். ஆனா ஆர் வீட்டு ஆக்கள் எண்டு குட்டியிலேயே பழக்கிப்போடுங்க."

அவள் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் செய்தாளே சுபாஜினி. பிறகும் ஏன் இந்த உறுமல்?

"அப்பா! நீங்க அனுப்பின ஊதாப் பையிட சிப் போயிட்டு!" மகள் நிலக்ஷி பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"எந்தப் பை?" என்றான் கிரிசாந்த். உடனே, "ஓ... அதுவா? வேற வாங்கலாம், வேற வாங்கலாம்" என்றான்.

வானின் மறுபக்கக் கதவு திறந்தது. மெலிந்த இளைஞன் ஒருவன் இறங்கினான். நிலுக்சன். கட்டாரில் கிரிசாந்தோடு ஒரே அறையில் இருந்தவன். கண்டக்குழிக்காரன். ஒரே பாதைதானே என்று ஒரே வானில் வந்திருந்தான்.

"ஐயோ, இறங்க வேணாம் தம்பி! கடிச்சுப்போடும்!"

சுபாஜினி கத்தி முடிப்பதற்குள் சங்கிலி அவள் கையை உரசிக்கொண்டு பறந்தது. டைகர் ஒரே பாய்ச்சல். நிலுக்சன் வானோடு ஒட்டிக்கொண்டான். ஞானேஸ்வரி "முருகா!" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கடிபட்ட அலறல் கேட்கவில்லை.

டைகர் முன்னங்கால்கள் இரண்டையும் நிலுக்சனின் மார்பில் ஊன்றி, அவன் நாடியை நக்கிக்கொண்டிருந்தது. வால் மட்டுமல்ல, உடம்பே ஆடியது. பிறகு அவன் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. குழந்தைபோல முனகியது.

"நல்லாயிருக்கு கூத்து!" கண்ணைத் திறந்த ஞானேஸ்வரி மோவாயில் கைவைத்தாள். "முன்னப்பின்ன காணாத ஆளோட இவ்வளவு கொஞ்சலா?"

கிரிசாந்தின் முகம் கறுத்தது.

"டேய், போன வருசம் நீ லீவில வந்தாய்தானே? இந்த வீட்டுக்கு எத்தின தரம் வந்து போனாய்?"

"அண்ணே, சத்தியமா இண்டைக்குத்தான் இந்த வாசலையே காணுறன்!"

"பொய்! நீ ஆயிரம் சத்தியம் பண்ணு. நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாதுடா!" அவன் மனைவி பக்கம் திரும்பினான். "என்னடி, வாயடைச்சுப்போய் நிக்கிறாய்? இப்படியே திரும்பிப் போகவா? இல்ல, நீ உன்ர உடுப்பைக் கட்டுறியா?"

அடுத்த வீட்டு வேலிக்கு மேலே இரண்டு தலைகள் முளைத்தன. ஞானேஸ்வரி பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சுபாஜினியின் கண் நாயிடமே போனது. டைகர் எழுந்து, நிலுக்சனின் சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்து ஆழ்ந்து முகர்ந்துகொண்டிருந்தது.

சட்டை!

அவள் விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் டைகரின் படுக்கை இருந்தது. பழைய சட்டைகள் திணித்த சாக்கு. அதைப் புருஷனின் காலடியில் கொட்டினாள்.

"வெளிநாட்டில இருக்கிறவரை நாய்க்குப் பழக்க ஒரு வழிதான் இருக்கு, அவர் போட்ட துணியில படுக்க விடுங்க எண்டு எமிலியாக்கா சொன்னவ. கட்டாரில இருந்து வந்த ஒவ்வொரு பெட்டியிலயும் பால்மாப் பேணியைச் சுத்தியிருந்த சட்டைகள் இது. பெட்டி கிடைச்சுது எண்டு நான் போனில சொல்லேக்க எல்லாம் 'ஓம் ஓம்' எண்டீங்க. உங்கட சட்டை எண்டுதான் நான் இதில படுக்கவிட்டன். ரெண்டரை வருசம்!"

அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான். நாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்தப் பெட்டிகளைக் கட்டினது ஆர்?"

கிரிசாந்த் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நிலக்ஷியின் தோளில் தொங்கிய ஊதாப் பையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான் நிலுக்சன். "அண்ணன் ஒண்டுமே அனுப்புறதில்ல அக்கா. பிள்ளை பாவம் எண்டு, அவர்ட பேரைப் போட்டு நான்தான் அனுப்பினன்."