வீட்டுப் பொண்ணு

"என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டோம்னு எழுதிக் குடுங்க!" மேசையில் ஓங்கித் தட்டினாள் ஒயுனா.

சியோலின் அந்த கேம் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. மானேஜர் பாங் பதறிப்போனார்.

"அபசகுனமா பேசாதம்மா. உன்னை நாங்க எதுக்குத் தூக்கணும்?"

"அப்ப வேலை குடுங்க."

"வேலைதான் இல்லியே."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மங்கோலியாவிலிருந்து வந்து, கூப்பிடுகிற கம்பெனிக்கெல்லாம் மொழிபெயர்த்துப் பிழைப்பவள். போன வருஷம் இங்கே சம்பாதித்ததை வைத்து இந்த வருஷமும் அரசு மருத்துவ இன்சூரன்ஸுக்குப் பணம் கறக்கிறார்கள். கட்டாவிட்டால் விசா போச்சு. அந்தத் தொகையைக் குறைக்க வேண்டுமென்றால், 'இவளை விலக்கிவிட்டோம்' என்று கம்பெனி எழுதித் தர வேண்டும்.

"விலக்கிட்டோம்னு எழுத மனசு வரலைம்மா. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

"அறுவடைப் பண்டிகைக்கு எல்லாருக்கும் டூனா மீன் டப்பா பரிசு குடுத்தப்ப, நான் வெளியாள்னீங்களே?"

"அது கம்பெனி ரூல். மனசால நீ எங்க வீட்டுப் பொண்ணு."

"அப்படியாப்பா?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "அப்ப உங்க இன்சூரன்ஸ்லயே என்னையும் சேர்த்துடுங்க. மகளுக்குத் தனியா கட்ட வேண்டாமாமே!"

பாங் அவசரமாகக் கம்பெனி முத்திரையை எடுத்தார்.

"மேடம், உங்க முழுப் பேரு என்ன?"