ஐந்து கடலை ஓலை

எங்கள் காட்டில் வட்டியைத் தீர்மானித்த யானையின் கழுத்து மணியோசை இன்னும் என் காதில் இருக்கிறது. அது அடித்தால் காட்டில் வட்டி மாறிவிட்டது என்று பொருள்.

புற்றுக் கட்ட எறும்புகள் கடன் கேட்டபோது, ஓர் அணில் தன்னிடமிருந்த நூறு கடலைகளையும் கொடுத்தது. ஆண்டுக்கு ஐந்து கடலை வட்டி, பத்தாம் ஆண்டில் நூறும் திரும்ப வரும் என்று எறும்புகள் ஓலை எழுதிக் கொடுத்தன.

மறு ஆண்டே காட்டில் விலைவாசி ஏறியது. அதை அடக்க யானை மணியடித்து வட்டியை உயர்த்தியது. புதிய ஓலைகளுக்கு எட்டுக் கடலை.

அந்த ஆண்டு பெய்த மழையில் அணிலின் கூடு சரிந்தது. குட்டிகளுக்குத் தீனி இல்லை. ஓலையை விற்க அணில் பெருச்சாளியிடம் போனது.

"எண்பது தரேன்," என்றது பெருச்சாளி.

"ஓலையில என்ன குறை அண்ணே?"

"ஒரு குறையும் இல்ல தாயி. எறும்புங்க சொன்ன சொல் தவறாது. ஆனா எட்டு தர்ற ஓலை கெடைக்கும்போது, அஞ்சு தர்றதை நூறு குடுத்து யாரு வாங்குவா? காத்திருந்தா முழுசா வரும்."

"நான் காத்திருப்பேன். குட்டிங்க வயிறு காத்திருக்காதே," என்று ஓலையை நீட்டியது அணில்.

பத்தாம் ஆண்டில் எறும்புகள் சொன்னபடியே நூறு கடலைகளையும் பெருச்சாளியின் வளையில் கொண்டுபோய் வைத்தன. அணில் அதுவரை உயிரோடு இருக்கவில்லை. குட்டிகள் மூன்றும் இருந்தன.