மலைக்கு எந்த ஆயில்

வண்டி எங்கே ஓடும் என்று கேட்டார் ஆயில் கடைக்காரர்.

போன வாரம் கடற்கரை, நாளைக்கு மலை என்றாள் அவள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பழைய டீசல் வண்டி, தேய்ந்த இன்ஜின். மலைக் குளிரில் சட்டென்று கிளம்ப லேசான ஆயில் நல்லது. ஆனால் இந்த வெயிலில், ஒரே இடத்தில் நின்றபடி இன்ஜின் ஓடினால் அது தண்ணீராய் இளகிவிடும், ஸ்டியரிங் முன்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரியும். அதற்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்.

லேசானதாகப் பார்த்து வாங்கு என்று கணவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

காலமெல்லாம் ஊரார் குடும்பங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டிய டிரைவர் அவர். அவளை எங்கும் அழைத்துப் போனதில்லை. ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட பிறகுதான் அதற்கு நேரம் வாய்த்தது.

இப்போது தினமும் பயணம். அவர் வளைவுகளைச் சொல்லிக்கொண்டே வருவார். அவள் கண்ணை மூடினால் காற்றுகூட மாறிவிடும். வழியெல்லாம் செம்பருத்தி பூத்திருக்கிறதே என்று அவர் வியக்கும்போது மட்டும் அவளுக்குத் திக்கென்றிருக்கும்.

வண்டி கிளம்பாத நாளில் மனிதர் சாப்பாட்டைத் தொடமாட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

கெட்டி ஆயிலையே வாங்கினாள். வரும் வழியில் டப்பாவின் லேபிளை உரித்துவிட்டாள்.

பழையதை வடித்து, புதியதை அவளே ஊற்றினாள். அளவுக் கம்பியை உருவி நீட்டினாள். அவர் நல்ல கையால் அதன் நுனியைத் தொட்டு, இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.



"கெட்டியாத்தான் வாங்கியிருக்க. நிக்கிற வண்டிக்கு இதுதான் சரி."

அவள் பார்வை தானாகக் கீழே போனது.

போன வருடம் அவர் ஒற்றைக் கையால் ஓட்டப் போய்ச் சுவரில் மோதிய அன்றே, மகன் நாலு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து வண்டி செங்கல் மேல் நிற்கிறது. செங்கல் அவர் கண்ணில் படாமலிருக்க, சுற்றிலும் செம்பருத்தித் தொட்டிகளை அடுக்கியவள் அவள்தான். மனிதருக்கு நினைவு முன்னே பின்னே ஆகிவிட்டது, நாம்தான் ஒப்பேற்றிக்கொண்டு போகிறோம் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் மெல்ல ஏறி உட்கார்ந்தார்.

"ஏறு. நீதான் மலையே பார்த்ததில்லையே."

வெயில் கொளுத்தியது. அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஏறினாள்.