வெளியில் போகக்கூடாத கதை

காலையில் வந்தது வெந்தயம். பகலில் வந்தது சோயா மா. பின்னேரம் அசர் தொழுகை முடிந்த கையோடு கந்தளாய் வைத்தியரின் எண்ணெய்ப் போத்தலும் வந்து சேர்ந்தபோது, சனூஸாவுக்கு விசயம் விளங்கிவிட்டது.

"இது எதுக்கு?" என்று எண்ணெய் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜுமானாவிடம் கேட்டாள்.

"சூடு ஏறுறதுக்குத்தான் ராத்தா. திடீரெண்டு வேர்த்துக் கொட்டுமாம், நித்திரை வராதாம், சும்மா சும்மா கோவம் வருமாம். எங்கட அவர் வள்ளம் கட்டுற ஜெட்டியில கேள்விப்பட்டு வந்து சொன்னவர். எனக்கு வாயடைச்சுப் போச்சு." ஜுமானா குரலைத் தாழ்த்தினாள். "பாவம்."

அந்தப் 'பாவம்'தான் சனூஸாவைச் சுட்டது.

வயது ஐம்பத்தொன்று. மாதவிடாய் நின்றதிலிருந்து, நெஞ்சுக்குள் ஒரு நெருப்புக் கிளம்பி முகத்துக்கு ஏறும். ஐந்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும்.

போன கிழமை டொக்டரிடம் போனாள்.

"ஹோர்மோன் மாத்திரை உங்களுக்குச் சரிவராது. முந்தி ஒருக்கா கால் நரம்புக்குள்ள இரத்தம் கட்டினதெல்லோ?" என்றார் டொக்டர் அம்மா. "வேற வழி இருக்கு. தேத்தண்ணியையும் உறைப்பையும் குறையுங்க. பருத்தி உடுங்க, பின்னேரத்தில நடங்க. அதுக்கும் அடங்காட்டி ஹோர்மோன் இல்லாத மாத்திரை ஒண்டு தாறன். ஆக்கள் குடுக்கிற தூள், கசாயம் எதையும் என்னட்டக் கேட்காமக் குடிக்க வேணாம்."

தேத்தண்ணியை விடுவதா, மாத்திரையைப் போடுவதா என்று சனூஸா ஒரு கிழமையாக யோசிக்கிறாள். தேத்தண்ணி குடித்துக்கொண்டேதான் யோசிக்கிறாள்.

இதையெல்லாம் அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய், துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிற புருசன் ஜெமீலிடம். 'வெளியில ஒரு சொல்லுப் போகக்கூடாது' என்று சத்தியமும் வாங்கியிருந்தாள்.

வாசலில் ஜெமீலின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஜுமானா மெல்ல நழுவினாள்.

"உங்கட வாய்க்கு ஒரு பூட்டு இல்லையா?"

"என்ன புள்ள?"

"என்ன புள்ளயா? என்ர உடம்புக் கதை ஜெட்டி முழுக்க நாறுது! இனி நான் எந்த முகத்தோட மீன் வாங்கப் போற?"

"அல்லா அறிய, நான் உன்ர பேரை எடுக்கவே இல்ல."

"பேரை எடுக்காட்டி? உங்களுக்கென்ன நாலு பொஞ்சாதியா இருக்கு, ஆக்கள் குழம்புறதுக்கு?"

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டார். "மற்ற வீடுகள்ல என்ன செய்து சுகம் கண்டாங்க எண்டு அறிஞ்சா, டொக்டரிட்டக் கேட்டுப் பார்க்கலாமெண்டு…"

"கதைக்காதீங்க!"

கோபமும் சூடும் சேர்ந்து ஏறின. கலண்டர் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி விசிறிக்கொண்டே ஏசினாள். விசிற விசிற வேர்த்தது. வேர்க்க வேர்க்கச் சத்தம் கூடியது. ஜெமீல் எஞ்சின் எண்ணெய் படிந்த கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஜெமீல்…"

வாசலில் ஜெட்டி வள்ளக்கார முஹம்மது தம்பி. வயசாளி. கையில் பற்றரியில் ஓடுகிற ஒரு சின்ன விசிறி.

சனூஸா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். இவருக்குமா தெரியும்? அவமானத்தில் காது எரிந்தது.

அவரோ அவள் பக்கம் திரும்பவில்லை. நேரே போய், விசிறியைப் போட்டு ஜெமீலின் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"ஏசாதீங்க தங்கச்சி," என்றார். "இந்த வருத்தம் ஆம்பிளைக்கும் வருமெண்டு, 'எனக்கு வந்திரிக்கு'ண்டு இவன் வந்து சொன்ன பிறகுதானே எங்களுக்கே தெரியும்!"