நெருப்பு முகம் பார்த்த தொட்டி

கொரிய நாட்டு அரண்மனை ஒன்றில், அரியணை மண்டபத்தின் வாசலில் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் எப்போதும் நீர் நிறைந்திருக்கும். நெருப்புப் பூதம் வந்தால், அந்த நீரில் தன் கோர முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள்.

ஒருநாள் கூரை விளிம்பில் காவலிருந்த களிமண் குரங்கு கத்தியது. "தொட்டியக்கா, நெருப்பு வருது!"

"வரட்டும். என்கிட்ட வந்தா ஓடிப்போயிடும்" என்றது தொட்டி.

காவலன் ஒருவன் வாளியோடு ஓடிவந்தான். அமைச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியைத் தொடாதே! கலங்கிப்போனா அதுக்கு முகம் எப்படித் தெரியும்?"

காவலன் வாளியைக் கீழே வைத்தான். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நெருப்பு வந்தது. தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தது.

"அடடா, நான் இவ்வளவு அழகா?"

பிறகு நிமிர்ந்து நேராக அரியணையை நோக்கி நடந்தது. செந்தூண்கள், விதானத்துப் பொன் டிராகன்கள், கூரைக் குரங்கு எல்லாம் போயின. தொட்டி நீரில் ஒரு வாளிகூட யாரும் மொள்ளவில்லை.

மண்டபத்தை மறுபடியும் கட்டினார்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அதே இடத்தில் வைத்து, விளிம்புவரை நீர் ஊற்றினார்கள். வாளி மட்டும் வைக்கவில்லை.

கூரையிலிருந்து புதுக் குரங்கு கேட்டது. "அக்கா, உங்ககிட்ட வந்தா நெருப்பு ஓடிடுமாமே?"

தொட்டி, புதிதாக வர்ணம் பூசிய தூண்களைப் பார்த்தது.

"ஆமாம். நீ பயப்படாம தூங்கு."